நடுவில் வைத்த சீட்டு

காலை ஆறேகாலுக்குக் குட்டியை முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, எண்ணெய் தடவி, நேர் வகிடு எடுத்தான். எட்டு மாதத்தில் கை பழகிவிட்டது. முடியை மூன்று கால்களாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு இழுப்பு இழுப்பான். சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. காப்பகத்து வாசலில் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் நின்று பார்ப்பார்கள். “அப்பா பின்னினதா? நம்பவே முடியலை” என்பார்கள்.

குட்டி ஏதோ சொன்னாள்.

“ம்” என்றான்.

மறுபடியும் சொன்னாள்.

“ம், சரி. ஆடாதே. கோணிடும்.”

அவள் ஆடுவதை நிறுத்தினாள். ஐந்து வயது. சொன்னால் கேட்கிற பிள்ளை.

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

போன ஞாயிறு குட்டியின் பெரியம்மா வந்திருந்தாள். இறந்துபோன மனைவியின் அக்கா. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு. வந்தவள் உட்காராமல் ஒரு சுற்று சுற்றினாள். பாத்திரங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. குட்டியின் சட்டைகள் இஸ்திரி போட்டு மடித்திருந்தன. அலமாரியில் மருந்து, நகவெட்டி, தெர்மாமீட்டர் எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. குற்றம் கண்டுபிடிக்க வந்தவள் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே அவள் முகம் இன்னும் சுருங்கியது.

“தம்பி, ஒண்ணு கேட்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க அக்கா.”

“இந்த வாரம் குட்டி உங்ககிட்ட என்ன சொன்னா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.”

யோசித்தான். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு நாளாகத் தடவிப் பார்த்தான். குளிப்பாட்டியது நினைவிருந்தது. சோறு ஊட்டியது, செருப்பு மாட்டியது நினைவிருந்தது. அவள் வாய் அசைந்ததும் நினைவிருந்தது.

“நிறையப் பேசுவா” என்றான்.

“அதையா நான் கேட்டேன்?” பெரியம்மா குரலை உயர்த்தவில்லை. “என் தங்கச்சி பொண்ணு ஊமையா வளர்ந்துட்டிருக்கா தம்பி. நீங்க ஒரு குறையும் வைக்கலை, ஒத்துக்கறேன். அடுத்த ஞாயிறு வருவேன். இதே கேள்வியைக் கேட்பேன். பதில் இருந்தா காபியைக் குடிச்சுட்டு என் வழியைப் பார்த்துட்டுப் போறேன். இல்லைன்னா அவளை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“எனக்கு மட்டும் என்ன தெரியும்?”

அவள் மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். ஆனால் ஒன்று தெரிந்தது. குட்டி போய்விட்டால் காலையில் அவன் எழுந்திருக்க மாட்டான். எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும், அந்த ஒன்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை சட்டைப் பையில் ஒரு துண்டுத் தாளை மடித்து வைத்தான். குட்டி சொல்வதை அங்கேயே எழுதிவிட வேண்டும். அவள் பேசும்போது உதட்டையே பார்த்தான். தெருமுனைக்கு வருவதற்குள் எல்லாம் போய்விட்டது. வியாழக்கிழமையும் தாள் வெள்ளையாகவே இருந்தது.

களைப்பு என்று அதைச் சொல்லலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. படுத்தால் தூங்கிவிடுவான். ஒன்பது மணி நேரம், சில நாள் பத்து. எழுந்தால் படுத்தபோது இருந்த அதே பாரம் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். “ரத்தம் தங்கமா இருக்கு, போ” என்று டானிக் எழுதிக் கொடுத்தார். இனிப்பாக இருந்தது. குட்டியும் ஒரு ஸ்பூன் கேட்டிருக்க வேண்டும். கேட்டது அவன் நினைவில் இல்லை. டானிக் பாட்டிலில் சின்னக் கைரேகை இருந்தது, அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரியில் எல்லா மதத்துக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை அறை உண்டு. நாலு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு விளக்கு. சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் உட்காருவான். யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், அதற்காக. கும்பிட மாட்டான், எதையும் கேட்க மாட்டான். முன்னெல்லாம் கேட்டிருக்கிறான். மனைவி ஐ.சி.யூ.வில் இருந்த நாலு நாளும் அதே நாற்காலிக்கு முன்னால் முட்டி தேயக் கேட்டான். கேட்டுக் கேட்டு அந்தச் சொற்கள் எல்லாம் துவைத்த துணிபோல் வெளுத்துவிட்டன. இப்போது கடவுளும் அவனும் ஒரே வார்டில் படுத்திருக்கும் இரண்டு நோயாளிகள் மாதிரி. பக்கத்தில் இருக்கிறார் என்று தெரியும். திரும்பிப் பார்க்க முடிவதில்லை.

*

அவன் வேலை பார்த்தது கிருமிநீக்கப் பிரிவில். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத இரண்டு அறைகள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் பச்சைத் துணிகளும் அங்கிகளும் துவைத்துக் காய்ந்து முதல் அறைக்கு வரும். அவற்றை மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரட்டைத் துணியில் சுற்றி, நாடாவால் கட்டிப் பண்டலாக்குவது அவன் வேலை. நடு மடிப்பில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். விரல் நீளம், வெளிர் மஞ்சள். பண்டல் ஆவி மெஷினுக்குள் போகும். ஆவி உள்ளே வரை போய்ச் சேர்ந்தால் சீட்டு கறுக்கும். மேலே ஒட்டிய டேப்பும் கோடு கோடாகக் கறுக்கும். ஆனால் டேப்பை யாரும் பெரிதாக நம்ப மாட்டார்கள். மெஷினுக்குள் போய் வந்தாலே அது கறுத்துவிடும். தியேட்டரில் பண்டலைப் பிரித்ததும் நர்ஸ் முதலில் பார்ப்பது நடுவில் இருக்கும் சீட்டைத்தான். சீட்டு கறுத்திருந்தால்தான் கத்தியைத் தொடுவார்கள். அந்தச் சீட்டை நோயாளியின் ஃபைலில் ஒட்டி வைப்பார்கள்.

மெஷினை ஓட்டுபவருக்கு எஞ்சின் என்று பெயர். ஐம்பது வயது, பெரிய உடம்பு. மூச்சு விட்டாலே மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். இவனுக்குச் செங்கல் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

“வாடா செங்கல். ஒரு லோடு இறக்கு, மேல ஒரு மாடி கட்டிடலாம்.”

பெயர் அவனுக்கில்லை, அவன் பண்டல்களுக்கு. அப்படி ஒரு கட்டு. ஓரம் நேராக, மூலை கூர்மையாக, தட்டினால் டக்கென்று சத்தம் வரும். பிரிவின் பொறுப்பில் இருந்த சிஸ்டர் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவன் பண்டலைத் தூக்கிக் காட்டுவாள். “கட்டுனா இப்படிக் கட்டணும்.”

முன்பு அவன் அப்படிக் கட்டியதில்லை. எல்லோரையும்போல்தான் கட்டினான். மனைவிக்கு வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன். இதே ஆஸ்பத்திரி, இதே தியேட்டர். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். எல்லாம் முடிந்து அவன் முதலில் செய்த காரியம், ரெக்கார்டு அறைக்குப் போய் அவள் ஃபைலைப் பிரித்தது. சீட்டு ஒட்டியிருந்தது. கன்னங்கரேல் என்று. பக்கத்தில் பண்டல் எண். அதன்கீழ் கட்டியவன் கையெழுத்து. அவனுடையது.

சீட்டு மஞ்சளாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்று தோன்றியது. தப்பு என்று ஒன்று இருந்தால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழலாம். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தும் போய்விட்டாள். அந்த நினைப்பை எங்கே இறக்கி வைப்பது?

மறுநாளிலிருந்து நாடாவை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தான். ஒரு ஊசிமுனை கிருமி நுழைய இடம் இருக்கக் கூடாது. அடுத்த வாரம் இன்னும் ஒரு இழுப்பு. இந்தத் திங்கட்கிழமையிலிருந்து துணியை மடித்ததும் மேலே முழங்காலையும் ஊன்றி அமுக்கினான். எட்டு மாதத்தில் ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. எல்லோரும் சொன்னார்கள்: மனுஷன் எப்படித் தாங்கிக்கிட்டான் பாரு.

வியாழக்கிழமை பத்தரைக்கு லிஃப்ட் திறந்தது. தியேட்டர் நர்ஸ் ஒருத்தி கையுறையோடே இறங்கி வந்தாள். அப்படி அவர்கள் இறங்கி வருவதே இல்லை. டிராலியில் பிரித்த பண்டல்கள் மூன்று.

“யார் கட்டினது இது?”

சிஸ்டர் எழுந்து வந்து பார்த்தாள். மூன்று பண்டலின் நடுவிலும் சீட்டு கிடந்தது. வைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, வெளிர் மஞ்சளாக.

“பேஷண்டை மயக்கத்துல போட்டாச்சு சிஸ்டர். ஒண்ணைப் பிரிச்சா மஞ்சள். இன்னொண்ணு, மஞ்சள். மூணாவதும் மஞ்சள். பக்கத்துத் தியேட்டர்ல கடன் வாங்கி ஆரம்பிக்க நாற்பது நிமிஷம். டாக்டர் கத்தின கத்துல மயக்கத்துல இருந்தவரே எழுந்திருப்பார்.”

“மெஷின் கோளாறா?” சிஸ்டர் எஞ்சின் பக்கம் திரும்பினாள்.

“என் மெஷினைச் சொல்லாதீங்க சிஸ்டர். அதே லோடுல போன மத்த பண்டலைப் பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தார்கள். இன்னொருத்தி கட்டியது, கறுப்பு. இன்னொன்று, கறுப்பு. அவனுடையதில், அப்போதுதான் மெஷினிலிருந்து வந்த ஒன்றை எடுத்தார்கள். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கத்தரிக்கோல் போட்டு வெட்டினார்கள். மேல் மடிப்பு சூடாக இருந்தது. கீழே போகப் போகச் சூடு குறைந்தது. நடுவில் துணி ஜில்லென்று இருந்தது. சீட்டு மஞ்சள்.

எஞ்சின் அந்தப் பண்டலைக் கையால் அழுத்திப் பார்த்தார். சிரிக்கத்தான் வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

“ஏண்டா, கிருமிக்கு இடம் விடாம கட்டினே, சரி. ஆவி எந்த வழியாப் போகும்?”

சிஸ்டர் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள்.

“உன் கட்டைத் தூக்கிக் காட்டி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேனே, என்னைச் சொல்லணும்.” பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். “ஸ்டோர்ல உன் கையெழுத்து போட்டது எத்தனை இருக்கோ அத்தனையும் பிரி. ஒண்ணு விடாம. பிரிச்சு, லேசாக் கட்டி வை. முடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு. மெமோ நாளைக்கு வரும், வாங்கிக்கோ.”

ஐம்பத்திரண்டு இருந்தன. ஸ்டோர் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தான். கட்டும்போது வலிக்காத விரல் அவிழ்க்கும்போது வலித்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள். சிலதில் ஓரம் மட்டும் பழுப்பு. பிரித்த துணிகள் பக்கத்தில் குவிந்தன. மதியம் சாப்பிடவில்லை. பிரார்த்தனை அறைக்கும் போகவில்லை. எத்தனையாவதோ பண்டலில் நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, இதை இப்படிக் கட்டியவனை நினைத்துப் பாவமாக இருந்தது. யாரோ ஒருவனைப் பார்த்துப் படுகிற பாவம். முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு ஆள் இப்படியா கட்டுவான்?

கடைசிப் பண்டலைப் பிரித்தபோது மணி மூன்று இருக்கும். திரும்பக் கட்ட வேண்டும். அதற்குமுன் ஒரு நிமிடம் என்று துணிக் குவியலில் முதுகைச் சாய்த்தான். அவிழ்த்த துணியில் இறுக்கமே இல்லை. மெத்தென்று உள்வாங்கியது.

எஞ்சின் மூன்றரைக்கு எட்டிப் பார்த்தார். செங்கல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எட்டு மாதத்தில் அவன் முகம் தளர்ந்து பார்த்ததில்லை. எழுப்பக் கை நீட்டியவர், நீட்டிய கையால் விளக்கை அணைத்தார். அவன் சாய்ந்திருந்த குவியலை விட்டுவிட்டு மற்றத் துணிகளை எல்லாம் தன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தானே கட்டினார். யாரும் எழுப்பக் கூடாது என்று கதவைச் சாத்தினார். காப்பகம் ஐந்து மணிக்கு மூடும் என்பது அவருக்குத் தெரியாது. செங்கல் யாரிடமும் எதையும் சொல்கிறவன் இல்லை. அவன் போன் வெளியே லாக்கரில் கிடந்தது. சுத்தமான அறைக்குள் போன் கொண்டு வரக் கூடாது.

*

விழித்தபோது முதலில் தோன்றியது, உடம்பு லேசாக இருக்கிறது என்பதுதான். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தூக்கம் எலும்பு வரை போயிருந்தது. இது எந்த அறை, நான் யார் என்பதுகூட உடனே வரவில்லை. இரண்டு மூச்சு அப்படியே கிடந்தான். மூன்றாவது மூச்சில் குட்டி ஞாபகம் வந்தாள்.

மணி ஆறேகால். லாக்கரைத் திறந்தான். காப்பகத்திலிருந்து ஏழு அழைப்பு. பெரியம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்றே ஒன்று.

காப்பகத்தில் கொடுத்திருந்த இரண்டாவது நம்பர் அவளுடையது; குட்டி அங்கேதான் இருப்பாள். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தான், பிறகு ஓடினான். பெரியம்மா வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் அவளே திறந்தாள். கையில் சீப்பு இருந்தது.

“ஆஸ்பத்திரியில...” என்று ஆரம்பித்தான்.

“முதல்ல உள்ளே வாங்க.”

குட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவிழ்ந்த முடியோடு அவள் முகத்தை எதிரில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தான். பெரியம்மா குட்டியின் நெற்றியோரம் முடியை ஒதுக்கிக் காட்டினாள். மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து தடித்திருந்தன. காதுக்கு மேலே இரண்டு இடத்தில் கொப்புளம். வகிட்டில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை.

“ஞாயிறு வரைக்கும் எதுக்கு?” என்றாள் பெரியம்மா. “இப்பவே கேட்கறேன். இந்த வாரம் இவ உங்ககிட்ட என்ன சொன்னா?”

ஃபிரிட்ஜ் சத்தம் இங்கேயும் கேட்டது. அவன் அந்தச் சிவந்த இடத்தையே பார்த்தான். எங்கிருந்தோ, எல்லா மடிப்புக்கும் அடியிலிருந்து, ஒரு சின்னக் குரல் வந்தது. காலை ஆறேகால் குரல். திங்களன்று, செவ்வாயன்று, போன மாதம், அதற்கு முந்தின மாதம், எப்போதும் அதே வார்த்தை.

“வலிக்குதுப்பான்னு சொன்னா” என்றான். “லூசாப் பின்னுன்னு சொன்னா.”

“எப்போ?”

“தினமும்.”

பெரியம்மா எதிர்பார்க்கவில்லை. சீப்பை மேஜைமேல் வைத்தாள். பிறகு குட்டியின் பையை எடுத்து அவன் காலடியில் வைத்தாள்.

“பதில் சொல்லிட்டீங்க. நான் சொன்னா சொன்னதுதான். கூட்டிட்டுப் போங்க.”

அவன் குட்டியின் பக்கம் குனிந்தான். அள்ளித் தூக்கத்தான் கை நீட்டினான். குட்டி பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

அழவில்லை. பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான்.

“இங்கேயே இருக்கட்டும்.”

“தம்பி, நான்தான் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேனே.”

“எனக்குக் களைப்பா இருக்கு அக்கா.”

அந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட, ‘ஒரு மாதிரி இருக்கு’ என்றுதான் சொன்னான். சொன்ன பிறகு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பெரியம்மா சுவரில் சாய்ந்தாள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கறுத்திருந்தது. தங்கையைப் பறிகொடுத்தவள் அவளும்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“எத்தனை நாளைக்கு?” என்றாள்.

“எனக்கு மட்டும் என்ன தெரியும்?”

போன ஞாயிறு அவள் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னான். இருவரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

படியிறங்கித் தெருவுக்கு வந்தான். பஸ் நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. வீட்டில் பாத்திரங்கள் கவிழ்ந்திருக்கும். டானிக் இருக்கும். நாளைக்கு மெமோ வாங்கிக்கொள்ள வேண்டும். எழுந்திருப்பானா என்று தெரியாது. பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. திரும்பினான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குட்டி ஏதோ சொன்னாள். பஸ்ஸின் இரைச்சலில் காதில் விழவில்லை.

தலையை ஆட்டிவிட்டு ஏறிவிட்டிருப்பான், வேறு நாளாக இருந்தால்.

படியிலிருந்து காலை எடுத்தான். தெருவைத் தாண்டி ஜன்னலுக்கு அடியில் போய் நின்றான்.

“என்ன சொன்னே?”

குட்டி விழித்தாள். அப்பா திருப்பிக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

“மறந்துட்டேன்” என்றாள்.

“சரி. ஞாபகம் வந்ததும் சொல்லு.”

அவள் கன்னத்தைக் கம்பியில் அழுத்தி யோசிக்க ஆரம்பித்தாள். பஸ் போய்விட்டது. அவன் அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நின்றான்.